ஜீப்பா, பிக்கப்பா?

எனக்குத் தெரியாததை, தெரிந்தவர்களுக்கே விளக்கும் துணிச்சல் என்னிடம் நாற்பது வயதுவரை தாராளமாக இருந்தது. உன்னிச்சைக் குளத்தருகே ஒரே காலையில் அது போய்விட்டது.

யுத்தம் முடிந்து, எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே போகும் பாதைகள் திறந்திருந்த நேரம். கூடாரம், அடுப்பு, சட்டிபானை எல்லாம் ஏற்றிக்கொண்டு நினைத்த இடத்தில் தங்கிவர ஒரு வாகனம் வாங்குவதென்று நானும் மனைவி சுகந்தியும் முடிவெடுத்தோம். எனக்கு ஜீப்தான் வேண்டும். அவளுக்கு பிக்கப்.

"பிக்கப் மூட்டை ஏத்துறதுக்கு. பயணத்துக்கு ஜீப்தான்," என்றேன்.

"மணலுக்குள்ள, சேத்துக்குள்ள பிக்கப் போகும். நான் ஓடியிருக்கிறன்."

உண்மைதான். சுனாமிக்குப் பிறகு ஒரு வருடம் நிவாரணப் பிக்கப்பைப் பெரியகல்லாற்று மணலில் ஓட்டியவள் அவள். நான் வங்கியில் மின்விசிறிக்குக் கீழே இருந்து வாகன சஞ்சிகை வாசித்தவன். (பெரும்பாலும் படம் பார்த்தவன்.)

கராஜ் வைத்திருந்த நண்பர் டெரன்ஸிடம் இரண்டும் விற்பனைக்கு நின்றன. "ரெண்டையும் கொண்டுபோய் ஓடிப் பாருங்க. சண்டையை அங்கேயே முடிச்சிட்டு வாங்க," என்று சிரித்தார்.

நான் ஜீப்பில் முன்னே போனேன். சுகந்தியும் பத்து வயது மகளும் பிக்கப்பில் பின்னே வந்தார்கள். குளம் வற்றி, ஓரம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. (மேலே மட்டும்.)

"இஞ்சருங்க, அதுக்குள்ள இறக்காதீங்க! அடியில சேறு!" என்று சுகந்தி கத்தினாள்.

"இது நாலு சில்லும் இழுக்கிற வண்டி!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு இறக்கினேன்.

முப்பது அடி போயிருப்பேன். ஜீப் எருமை மாதிரிப் படுத்துக்கொண்டது. மிதிக்க மிதிக்கச் சேறு மேலே பறந்தது, ஜீப் கீழே போனது. இறங்கினேன், முழங்கால்வரை புதைந்தேன். ஒரு செருப்பு இன்றும் அங்கேதான் கிடக்கிறது.

வயலுக்குப் போன ஒருவர் சைக்கிளை விட்டுவிட்டு வந்து, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நாலு சில்லுக்கு மாத்துற கம்பு இதுதானே? இன்னும் ரெண்டிலதானே கிடக்கு!"

சுகந்தி சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பிக்கப்பை இறுகிய தரையில் நிறுத்தி, அதிலிருந்த கயிற்றை ஜீப்பில் கட்டினாள்.

"கம்பை மாத்துங்க. ஸ்டியரிங்கை நேராப் பிடிங்க. மெல்ல மிதிங்க. வேறொண்டும் செய்யாதீங்க."

வேறொன்றும் செய்யவில்லை. பிக்கப் இழுக்க, ஜீப் வெளியே வந்தது.

அன்று மதியம் பிக்கப்பின் பின்பலகையில் கால்களைத் தொங்கப்போட்டு மூவரும் சோறு சாப்பிட்டோம். அப்படி ருசியாக நான் சாப்பிட்டதே இல்லை. மறுநாள் பிக்கப்பை வாங்கினோம். அதில் போகாத இடமில்லை.

இப்போதும் நான் எதைப்பற்றியாவது அபிப்பிராயம் சொன்னால், மகள் கேட்பாள்:

"அப்பா, இதைக் கரையில நிண்டு சொல்லுறீங்களா, சேத்துக்குள்ள நிண்டு சொல்லுறீங்களா?"

போன மாதம் மருமகனும் கேட்டார். மரியாதையாக, எழுந்து நின்றுதான் கேட்டார்.