கறுப்புக் கோட்டில் மூன்றாவது பை

கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பி வக்கீலுக்கு, உன்னைவிட ஒன்பது வயது மூத்தவளும் அதற்கான மரியாதை இதுவரை கிடைக்காதவளுமான உன் அக்காள் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அத்தான் சுகம், தையல் மெஷின் மட்டும் பெல்ட் தளர்ந்து முனகிக்கொண்டிருக்கிறது. நீ சுகமா என்று கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் பதில் வராது. போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய், கடிதத்தையாவது பிரிப்பாய். கைக்கு வந்த காகிதத்தைப் படிக்காமல் கீழே வைக்கக் கூடாது என்று உனக்குச் சட்டக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒத்துக்கொண்டு விடுகிறேன். சனிக்கிழமை தவறாமல் நீ வந்து உட்கார, நாம் சேர்ந்து பார்த்தோமே அந்தத் தங்கப்பல் வக்கீல் தொடர், அதில் ஒரு பகுதியைக்கூட நான் உன்னோடு முதல் தடவையாகப் பார்த்ததில்லை. வியாழக்கிழமை வந்த உடனே கடையில் நூல்கண்டுப் பெட்டி மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துவிடுவேன். சனிக்கிழமை உன் பக்கத்தில் உட்கார்ந்து, இவன் இப்படிப் பண்ணுவான் என்று நினைக்கவே இல்லையே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டது எல்லாம் நடிப்பு. ஒரு நாள்கூட நீ கண்டுபிடிக்கவில்லை. சாட்சி முகத்தைப் பார்த்தே பொய்யைப் பிடித்துவிடுவேன் என்று சொல்கிறவன் நீ.

ஏன் இரண்டு தடவை என்று கேட்பாய். உன்னோடு பார்த்தால் எனக்குக் கதை எங்கே விளங்குகிறது. ஜட்ஜ் இப்படி மேஜையைத் தட்ட மாட்டார் என்பாய். எதிர்த்தரப்புக்கு நகல் கொடுக்காமல் இதைத் தாக்கல் பண்ணவே முடியாது என்பாய். வக்கீல் சாட்சிக் கூண்டைச் சுற்றி இப்படி உலாத்தினால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பாய். ஒவ்வொன்றுக்கும் நிறுத்து, விளக்கம் கேள், மறுபடி ஓட்டு. ஒரு மணி நேரப் பகுதி நம் வீட்டில் மூன்று மணி நேரம் ஓடும். ஆனால் கதையாவது கதை. முதலில் வந்த தொடரில் அவன் கிழவன், கடத்தல்காரர்களுக்கு யோசனை சொல்கிற பெருச்சாளி, சிரித்தால் தங்கப்பல் மின்னும். இப்போது வருவது அதற்கு முந்தின காலம், பயல் எப்படிக் கெட்டான் என்கிற கதை. அதாவது முடிவு ஊருக்கே தெரியும். அவன் நெற்றியில் துப்பாக்கியை வைக்கிறார்கள், உன் அத்தான் தலையணையைக் கட்டிக்கொண்டு நடுங்குகிறார், நான் பாட்டுக்கு யாருடைய பேண்டுக்கோ அடி மடித்துக்கொண்டிருக்கிறேன். பதினைந்து வருஷம் கழித்து வந்து அநியாயம் பண்ணப்போகிறவன் இன்றைக்கு எப்படிச் சாவான். பல்லே இன்னும் கட்டவில்லை. மூன்று வருஷமாக அந்தப் பல் எப்படி வந்தது என்று காட்டாமல் இழுக்கிறார்கள், நானும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறேன். இதைவிடக் கேவலம் என்னவென்றால், அவன் கெடக்கூடாதே என்று எனக்குள்ளே ஒரு பதைப்பு. கெட்டாயிற்று என்று தெரிந்தும் பதைப்பு. என் புத்தியை நானே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, கோட்டுக்கு வருகிறேன். உன்னிடம் இருப்பது ஒரே ஒரு கறுப்புக் கோட்டு, அதுவும் அக்குளில் லைனிங் கிழிந்து, நீ கையைத் தூக்கி வாதாடினால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். அதற்கு லைனிங் மாற்றச் சொல்லித்தான் கொடுத்தாய். அந்த வாரம் பார்த்து ஏழாவது பகுதி. தங்கப்பல் தன் கோட்டில் ரகசியமாக ஒரு பை வைத்துத் தைத்துக்கொள்கிறான், ஒரு காகிதம் வெளிப்பையில், இன்னொரு காகிதம் ரகசியப் பையில், ஜட்ஜ் மூஞ்சியைப் பார்த்து எது தோதோ அதை எடுத்து நீட்டுகிறான். அவன் திருட்டுத்தனத்தை நீ திட்டினாய். நான் அந்தப் பையைப் பார்த்துவிட்டுத் திட்டினேன். தையலா அது. வாய் மேல்நோக்கி, வேறு நிறத் துணியில், ஊரே பார்க்கிற மாதிரி. ரகசியப் பை என்றால் லைனிங் துணியிலேயே வெட்டி, பக்கத் தையலுக்கு அடியில் சாய்த்து விட்டு, விளிம்பு தெரியாமல் கையால் தைக்க வேண்டும். வைத்தவளே தேடினாலும் கிடைக்கக் கூடாது. அவ்வளவு பணம் கொட்டித் தொடர் எடுக்கிறவர்களுக்கு ஒரு தையல்காரியைக் கேட்கத் தோன்றவில்லை. அந்த ஆத்திரத்தில், எப்படித் தைக்க வேண்டும் என்று காட்டத்தான் உன் கோட்டில் ஒன்று வைத்தேன். சனிக்கிழமை நீ வந்ததும், எங்கே கண்டுபிடி பார்ப்போம் என்று சீண்டலாம் என்றிருந்தேன். உள்ளே ஒரு சீட்டும் எழுதிப் போட்டேன். நீ வெள்ளிக்கிழமையே கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போவாய் என்று எனக்கு என்ன ஜோசியமா தெரியும்.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும் என்பாய். நீ நின்றாய், அவ்வளவுதான். பார்த்தவர் உன் கட்சிக்காரர் பூட்டுக்காரர். மாடிப்படிக்கு அடியில் ஆறடி இடத்தில் முப்பது வருஷமாகச் சாவி ராவிக்கொண்டிருக்கிற மனுஷனை, சும்மா வந்து உட்கார்ந்தவன் என்று கட்டடக்காரர் கிளப்பப் பார்க்கிறார். கட்டடக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அசல் ஒப்பந்தம் ஒன்றுதான் பூட்டுக்காரருக்குத் துணை. அவர் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அசலைக் காட்டுங்கள் என்று ஜட்ஜ் கேட்டதும் நீ மிடுக்காகக் கோட்டுக்குள் கையை விட்டாயாம். இல்லை. அடுத்த பை, இல்லை. பெட்டி, கட்டு, மேஜைக்கு அடி, எங்கும் இல்லை. வழக்கமான உள்பை என்று நினைத்து நீ என் பையில் செருகிவிட்டாய், தம்பி. அது வாங்கிக்கொண்டது, திருப்பித் தரவில்லை. கடைசியில் கோட்டையே கழற்றி உதறினாயாம். காகிதம் உள்ளே சலசலக்கிறது, ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் உனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாராம். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாராம். அப்புறம் பூட்டுக்காரர்தான், ஐயா கொஞ்சம் இப்படிக் கொடுங்க என்று கோட்டை வாங்கி, பூட்டைத் தடவுகிற மாதிரி லைனிங்கைத் தடவி, ஒரே நிமிஷத்தில் வழியைக் கண்டுபிடித்து உருவினார். ஒப்பந்தமும் வந்தது. என் சீட்டும் வந்தது.

அதில் நான் எழுதியிருந்தது, "இது திருட்டுப் பை. தங்கப்பல் தவிர வேறு யாரும் கை விடக் கூடாது." இரண்டையும் கொண்டுவாருங்கள் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார், கோர்ட்டு ஆள் சீட்டைச் சத்தமாகப் படித்துவிட்டார். யார் அந்தத் தங்கப்பல் என்று ஜட்ஜ் கேட்டிருக்கிறார். நம் பூட்டுக்காரருக்கு மேல்வரிசையில் ஒரு பல் தங்கம். பாவம், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து கும்பிட்டிருக்கிறார்.

அவ்வளவுதான். திருட்டுப் பையிலிருந்து வந்த காகிதத்தை எப்படி நம்புவது என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டார், கையெழுத்தைச் சோதிக்க அனுப்பிவிட்டார்கள், வழக்கு நாலு வாரம் தள்ளிப்போய் நாளைக்கு வருகிறது, வக்கீல்கள் உனக்கு மூணாம்பை என்று பேர் வைத்துவிட்டார்கள். பூட்டுக்காரர் இடம் போனால் அக்கா வீட்டு வாசலை இந்த ஜென்மத்தில் மிதிக்க மாட்டேன் என்று நீ உன் வீட்டுக்காரியிடம் சொன்னதாக அவள் எனக்குச் சொன்னாள். நாலு சனிக்கிழமை ஆயிற்று. நேற்று உன் குமாஸ்தா கையில் கோட்டைக் கொடுத்தனுப்பி, கூட ஒரு துண்டுக் காகிதம். "பையை எடுக்கவும்." அக்கா என்று ஒரு வார்த்தை கிடையாது. கட்சிக்காரர் வீட்டு நாய்க்குக்கூட நீ அன்புடையீர் போட்டு எழுதுகிறவன்.

நான் சும்மா இருந்திருந்தால் போதும்தான். இருக்க முடியவில்லை. உன் பேரைக் காப்பாற்றலாம் என்று உன் ஆபீஸ் மாடிக்குப் போய், அங்கே பெஞ்சில் காத்திருந்த ஆறு பேரிடம், என் தம்பி யோக்கியன், அந்தத் திருட்டுப் பை முழுக்க என் கைவேலை என்று எடுத்துச் சொன்னேன். ஆறு பேரில் நாலு பேருக்கு அதுவரை விஷயமே தெரியாதாம். மிச்சம் இருந்த இரண்டு பேரும் வக்கீல்கள். ஒருவர் கீழே வரைக்கும் கூடவே வந்து, நம்ம கோட்டுக்கும் அந்த மாதிரி ஒண்ணு வெச்சுத் தர முடியுமாம்மா என்று மெதுவாகக் கேட்டார். மூஞ்சியில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்லலாம் என்று பார்த்தேன், ஆனால் என் தொழிலைப் பாராட்டிக் கேட்ட முதல் ஆள் அவர்.

முந்தாநாள் கடை வாசலில் யார் வந்து நின்றது தெரியுமா. உன் எதிர்த்தரப்பு வக்கீல். அவரேதான். உன்மேல் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று ஸ்டூலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் சொன்னார். அப்புறம் கோட்டை எடுத்து மேஜையில் போட்டார்.

"லைனிங் நைஞ்சுபோச்சு. மாத்திடுங்க. அப்படியே உங்க தம்பிக்கு வெச்சீங்களே, அதே மாதிரி."

"அது திருட்டுப் பைன்னு நீங்கதானே கோர்ட்டுல சொன்னீங்க."

"கோர்ட்டுல ஆயிரம் சொல்லுவோம்மா. வேலை நல்ல வேலை."

பழைய லைனிங்கைப் பிரித்தால் உள்ளே ஏற்கெனவே ஒரு ரகசியப் பை. தங்கப்பல் வைத்திருந்தானே, அதே லட்சணத்தில், வாய் மேல்நோக்கி. உனக்கு எதிராக நியாயம் பேசினவர் மாரில் பத்து வருஷப் பழைய திருட்டுப் பை. அதற்குள் நாலாய் மடித்த ஒரு காகிதம். மேலே கட்டடக்காரர் பேர் தெரிந்தது. உன் அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு, நாம படிச்சாத்தான் தப்பு, அதுவா பிரிஞ்சா என்ன பண்றது என்றார். எனக்கும் கை அரித்தது, பொய் சொல்வானேன். பூட்டுக்காரர் இடமும் நீ என் வாசலை மிதிப்பதும் அந்த மடிப்புக்குள் இருக்கிறதோ என்று அரித்தது. ஆனால் தங்கப்பல் கெட ஆரம்பித்தது எங்கே. இரண்டாவது பகுதியில், அடுத்தவன் கோட்டில் இருந்த கடிதத்தைப் பிரித்தானே, அங்கேதான். அன்றைக்கு நீ டிவியைப் பார்த்து, வைடா அதை, வைடா என்று கத்தினாய். அந்த ஒரு தடவைதான் நீ சட்டம் பேசாமல் படம் பார்த்தாய். அந்தச் சத்தம் காதில் விழுந்தது. பிரிக்காமல் அவருடைய புதுப் பையிலேயே திருப்பி வைத்துவிட்டேன். அந்தப் பயல் மூன்று வருஷமாகக் காட்டாத யோக்கியத்தை ஐந்தாம் வகுப்புப் படித்த உன் அக்காள் காட்டினாள் என்று எழுதி வைத்துக்கொள்.

உன் கோட்டில் பையை எடுத்தாயிற்று. எடுத்த தடம் தெரியாது. ஜட்ஜ் வந்து தடவினாலும் கிடைக்காது. உன் அத்தான் கொண்டுவந்து தருவார். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நாளைக்கு நெஞ்சை நிமிர்த்திப் போ, மறைக்க ஒன்றும் இல்லாதவனாக நில். இந்தச் சனிக்கிழமை தொடரின் கடைசிப் பகுதி. நீ வந்து, இந்தச் சட்டமே கிடையாது என்று சொல்லிக்கொண்டிருக்க ஆள் இல்லாமல் நாலு வாரமாக எனக்கு அந்தத் தொடர் சப்பென்று இருக்கிறது. வியாழக்கிழமை பார்க்காமல் உனக்காக வைத்திருக்கிறேன், இது சத்தியம்.

பூட்டுக்காரர் இடம் நிலைக்கட்டும், கையெழுத்துச் சோதனை நல்லபடியாக வரட்டும், உன் குடும்பம் செழிக்கட்டும், உன் வாய் கொஞ்சம் ஓயட்டும். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். இப்படிக்கு, உன் மானத்தைத் தைக்கவும் பிரிக்கவும் பாத்தியதையுள்ள அக்காள்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைக் கோட்டோடு சேர்த்துத்தான் அனுப்ப நினைத்தேன். உன் அத்தான் கடிதத்தைக் கத்தரிப் பெட்டி மேலேயே விட்டுவிட்டு, கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார். போனையும் இங்கேயே விட்டுவிட்டார். நாலரைக்கு உன் எதிர்த்தரப்பு வக்கீல் வந்தார். கொக்கியில் மிச்சம் தொங்கின கோட்டை எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்து, பட்டன் இழுக்கிறது, உடம்பு கொஞ்சம் ஏறிவிட்டது போலிருக்கிறது என்றார். அப்புறம் ஐந்து நிமிஷம் லைனிங்கை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். பை எங்கே இருக்கிறது என்று அவருக்குக் கிடைக்கவே இல்லை. இதுதாம்மா வேலை என்று கையெடுத்துக் கும்பிட்டு, சந்தோஷமாகப் போட்டுக்கொண்டே போய்விட்டார். அதற்கப்புறம் தரையைக் கூட்டும்போதுதான் கொக்கிக்கு அடியில், உன் பேர் எழுதி உன் கோட்டில் குத்தியிருந்த சீட்டு கிடந்தது. உன் குமாஸ்தா இந்தப் பக்கம் வந்தார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் அத்தான் உன்னிடம் கொண்டுவந்தது எதிர்த்தரப்பு வக்கீல் கோட்டு, அந்தக் காகிதமும் அதில்தான் இருக்கிறது. கோட்டு உனக்குத் தொளதொளவென்றுதான் இருக்கும். கை ஒன்றரை அங்குலம் நீளம், உள்பக்கமாக மடித்துக் கைக்கு ஒரு குண்டூசியாகக் குத்திக்கொள்.