அப்பாவின் வழியனுப்பு விழாவும் எனது அமெரிக்க அரசியல் சட்டமும்

அரைகுறையாகப் படித்தவர்களால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. நான் அமெரிக்க அரசியல் சட்டத்தை முழுசாகப் படித்துவிட்டுத்தான் எங்கள் பிளாக்கையே கவிழ்த்தேன்.

அப்போது அரசியல் அறிவியல் எம்.ஏ. முடித்துவிட்டு, நெய்வேலி குவார்ட்டர்ஸில் அப்பா சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். (படிப்பது பாதி, படித்ததைப் பக்கத்து வீடுகளுக்குச் சொல்வது பாதி.) அப்பாவுக்குச் சுரங்கத்தில், நிலக்கரியைக் கொண்டுபோகும் பெல்ட் லைனில் வேலை. அந்த மாதக் கடைசி நாள் அவருக்கு ரிடையர்மென்ட். பிளாக்கில் யார் ஓய்வு பெற்றாலும் பந்தியில் சாம்பார் வாளியோடு முதலில் நிற்கிறவர் அவர்தான். இப்போது அவர் இலையில் உட்காரும் முறை. அது ஜோராக நடக்க வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு.

வழக்கமாக இதையெல்லாம் பக்கத்து வீட்டு சேகர் மாமா ஒரே ஆளாக முடித்துவிடுவார். நான் விடுவேனா? "ஒருத்தர் கையில எல்லா அதிகாரமும் இருக்கக் கூடாது மாமா, அது சர்வாதிகாரம்" என்றேன். மனுஷன் மிரண்டுபோய்ப் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அன்றே அரசியல் சட்டம் எழுதினேன். வீட்டு ஆள்கணக்குப்படி பிரதிநிதிகளைக் கொண்ட கீழவை. பெரிய வரிசை, சின்ன வரிசை என்ற பேதமில்லாமல் பிளாக்கின் நான்கு வீட்டு வரிசைக்கும் இரண்டிரண்டு பேராக எட்டுப் பேர் மேலவை. மசோதா இரண்டிலும் நிறைவேற வேண்டும். தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்ல ஒரு டீச்சரம்மா, ஆயுட்காலத்துக்கு. ஜனாதிபதி யார் என்று கேட்கவே வேண்டாம். ஒருவரை ஒருவர் கட்டுப்படுத்தும் அந்த அழகை நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

சாப்பாட்டு மசோதா வந்தது. கீழவை பிரியாணி என்றது, மேலவை வடை பாயசம் என்றது. ஒரு வாரம் இழுத்து, இரண்டு அவையும் பிரியாணிக்கு ஒத்துக்கொண்டன. ஆனால் கடைசி நேரத்தில், ஜனாதிபதி இருபது நிமிஷம் பேசுவார் என்று நான் சேர்த்திருந்த பிரிவை வெட்டிவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்! மசோதாவையே தடுத்து வீட்டோ போட்டேன்.

வீட்டோவை முறியடிக்க இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மேலவையில் என்றால் எட்டுக்கு ஆறு பேர். அமெரிக்காவில் சட்டம் எழுதியவர்களுக்கு ஷிப்ட் கிடையாது, இங்கே உண்டு. மூன்று பேர் வேலையில் இருந்தார்கள், இரண்டு பேர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கினார்கள். மறுநாள் கூப்பிட்டால் இவர்கள் தூங்க, அவர்கள் வேலையில். ஆறு பேர் ஒன்றாக உட்காரவே இல்லை. நானும் இறங்கி வரவில்லை.

விருந்துக்குப் பேசி வைத்திருந்த மந்தாரக்குப்பத்துச் சமையல்காரருக்கு இதெல்லாம் தெரியுமா? சுரங்கத்தில் எல்லாரும் மாதக் கடைசி நாளில்தான் ஓய்வு பெறுவார்கள். மசோதா நிறைவேறாமல் அட்வான்ஸ் போகவில்லை. அவர் அதே நாளுக்கு வேறு பிளாக்கை ஒப்புக்கொண்டுவிட்டார்.

அந்த நாளும் வந்தது. ஜீப்பிலிருந்து அப்பா கழுத்து நிறைய மாலையோடு இறங்கினார். பந்தல் இல்லை, பந்தி இல்லை. வாசலில் பிளாக் முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. அவர் சிரித்த முகத்தோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

சேகர் மாமாவுக்குப் பண்ருட்டிப் பக்கம். கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "நீ பாட்டுக்கு வீட்டோ போட்டுகினு குந்திகினு இருந்தா, மனுசனுக்கு யாரும்மா சோறு போடறது?" என்றார். அம்மா ஒரே ஆளாகக் குற்றம் சாட்டி, விசாரித்து, என் பதவியையும் பறித்தாள். மூன்று அதிகாரமும் ஒரே கையில் இருக்கக் கூடாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கையில் கரண்டி இருந்ததால் மூடிக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் சேகர் மாமா எந்த அவையையும் கூட்டாமல் டீக்கடையிலிருந்து இரண்டு கூடை போண்டாவும் கேன் நிறைய டீயும் கொண்டுவந்து இறக்கினார். அப்பா மாலையைக் கூடக் கழற்றாமல் தட்டை எடுத்து எல்லாருக்கும் பரிமாற ஆரம்பித்துவிட்டார். நான் அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் சொன்னேன். கீழவை, மேலவை, வீட்டோ எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"இதுல எனக்கு ஓட்டு இருந்துச்சாம்மா?" என்றார்.

இல்லை. பிளாக்கில் பல் முளைக்காத குழந்தையைக் கூடக் கணக்கில் சேர்த்திருந்தேன். அவரைத்தான் சேர்க்கவில்லை.

"கேட்டிருந்தா டீயும் போண்டாவும் போதும்னு சொல்லியிருப்பேன். பிரியாணி எனக்கு ஒத்துக்காதே" என்று சொல்லி என் கையில் ஒரு போண்டாவை வைத்தார்.

இத்தனை வருஷமாகியும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எதை முடிவு செய்தாலும் கடைசியில் அப்பாவிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: எனக்கு ஓட்டு உண்டா? என் கல்யாணத்தில், ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கும் நேரத்தில், மாப்பிள்ளை அதையே கேட்டார். மண்டபமே சிரித்தது. சத்தமாகச் சிரித்தது அப்பாதான்.