கல்லில் ஏறிய சின்ன ‘ரு’

பாளையங்கோட்டை,
11.02.2025

மரியாதைக்குரிய அண்ணன் பாக்கியசீலன் அவர்களுக்கு, தம்பி தேவதாசன் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் சுகம். நாங்குநேரியில் உங்கள் சுகத்தையும் மதினியின் சுகத்தையும் அறிய ஆவல். நாம் பேசி நான்கு வருடம் ஆகப்போகிறபடியால், ஆவலும் அந்த அளவுக்குச் சேர்ந்து கிடக்கிறது.

பொருள்: அம்மாவின் கல்லறைக் கல்லில் உள்ள எழுத்துப்பிழை – பொறுப்பு நிர்ணயம் செய்தல் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் கல்லறைத் தோட்டத்தில் சபையார் முன்னிலையில் என்னை “ஏலே” என்று விளித்தது, நாள் 07.03.2021.

நான் ஓய்வு பெற்றபின் கல்லூரியில் சேர்ந்திருக்கும் செய்தி உங்கள் காதுக்கு வந்திருக்கும். “வீட்ல இருந்துக்கிட்டு சோத்துப் பானைக்கு மெமோ குடுக்காதீய, எங்கனயாவது போயி உக்காருங்க” என்று என் வீட்டுக்காரி சொன்னது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஆங்கில எம்.ஏ. பாடத்திட்டத்தில் ‘பண்டைய கிரேக்கம்’ என்று ஒரு தாள் இருந்தது. நம் சபைக்கு வந்திருக்கும் புதுப் போதகர் ஐயரவர்கள் பிரசங்கத்தில் நிமிடத்துக்கு ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்து விடுகிறார், கேட்கிறவர்களுக்குத் தெரியாது என்ற தைரியம், சரிபார்க்க ஒரு ஆள் வேண்டாமா என்று நான்தான் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்தபிறகுதான் தெரிந்தது, அது ஐயர்மார் வேதாகமத்துக்காகப் படிக்கிற கிரேக்கம் இல்லை, அதற்கும் நானூறு ஐந்நூறு வருடம் முந்தியது, அதுவும் முழுக்க ஆங்கிலத்தில், ஒரு கிரேக்க எழுத்துகூடக் கண்ணில் படாது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற அலுவலகத்தில் கேட்டேன். கெடு முடிந்துவிட்டது என்றார்கள். முப்பத்திரண்டு வருடம் அரசு அலுவலகத்தில் நான் மற்றவர்களுக்குச் சொன்ன பதில், ஆகவே மறுபேச்சுப் பேசவில்லை.

முதலில் காப்பியம் நடந்தது. பெயர்களை இங்கே எழுதவில்லை, அவை என் வாயில் நுழையவில்லை. பத்து வருடம் சண்டை. அதில் பெரிய வீரன் ஒருவன், தன்னை மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறான், யார் போய்க் கூப்பிட்டாலும் வருவதில்லை. எனக்கு நாங்குநேரி ஞாபகம் வந்தது. இன்னொருவன் சண்டை முடிந்து வீடு திரும்பவே பத்து வருடம் ஆகிறது. வகுப்பில் எல்லாரும் அதிசயப்பட்டார்கள். பைபாஸில் இறக்கிவிட்டுப் போகும் பஸ்ஸில் நாங்குநேரிக்கு வந்து பழகிய எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் துன்பியல் நாடகம். அதில் பதினைந்து கிழவர்கள் கூட்டமாக நின்று, நடக்கப்போவது எல்லாம் தெரிந்தும் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல், பாட்டு மட்டும் பாடுகிறார்கள். நாற்பது வருடமாக நம் சபைப் பாடகர் குழுவில் பேஸ் என்கிற கீழ்க்குரல் பாடுகிறவன் என்ற முறையில் எனக்கு அவர்களை மிகவும் பிடித்துப்போயிற்று. கதை ஒரு ராஜாவைப் பற்றியது. ஊருக்கு ஒரு சாபம், அதற்குக் காரணமான குற்றவாளியைக் கண்டுபிடித்தே தீருவேன், கண்டால் நாடு கடத்துவேன் என்று சபையில் சத்தியம் பண்ணி, ஒவ்வொரு சாட்சியாக அழைத்து அதட்டி விசாரித்தால், கடைசியில் குற்றவாளி அந்த ராஜாவேதான், தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறான். பார்க்கிற எல்லாருக்கும் முன்னாலேயே தெரிகிறது, அவனுக்கு மட்டும் தெரியவில்லை. நான் எழுந்து, விசாரணை அதிகாரியே குற்றவாளியாகவும் இருப்பது நடைமுறைக்கு விரோதம், இந்த ராஜாவுக்கு அலுவலக விதிகள் எதுவும் தெரியவில்லை, நானாக இருந்தால் முதலில் எழுத்துப்பூர்வமான ஆதாரத்தைக் கேட்டிருப்பேன் என்று சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பாடம் எடுக்கிற ஷம்ஸியா டீச்சர் உங்கள் மகள் ரீபாவைவிட இரண்டு வயது இளையவர். வருகைப் பதிவில் என் பெயரை வாசிக்கும்போது அவரே எழுந்து நிற்கப் பார்க்கிறார். ஆனால் பாடத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார். அந்த ராஜாவின் வீழ்ச்சிக்குக் காரணம் ‘ஹமார்த்தியா’ என்று பலகையில் எழுதினார். எனக்குச் சந்தோஷம் துள்ளிக்கொண்டு வந்தது. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு கிரேக்கச் சொல்! “பாவம் டீச்சர்!” என்றேன். “யாரு பாவம் சார்?” என்றார். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே பாவம்தான், எங்கள் ஐயர் மாதத்தில் இரண்டு ஞாயிறு அதைத்தான் சொல்கிறார் என்று விளக்கினேன். அவர் பொறுமையாக, “அது பின்னால வந்த அர்த்தம் சார். நாடகத்துல அது அம்பு குறி தவறுத மாதிரி. தெரியாம நடந்த பிழை. பாவம் இல்ல” என்றார். பாவம் என்று நானும் பிழை என்று அவரும் மணி அடிக்கிறவரை விடவில்லை. தெரியாமல் செய்தாலும், செய்தவன் ஒப்புக்கொள்ளாதவரை அது பாவம்தான் என்று நான் சொன்னபோது, மனதில் நின்றது அந்த ராஜா அல்ல, நீங்கள்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் அம்மா சாலோமி டீச்சர் முப்பத்தாறு வருடம் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது ஊருக்கே தெரியும். சின்ன ர வரும் இடத்தில் பெரிய ற போட்டாலோ, பெரிய ற வரும் இடத்தில் சின்ன ர போட்டாலோ, உள்ளங்கையில் மர ஸ்கேலால் ஒன்று. நம் இருவருக்கும் மட்டும் கூடுதலாக ஒன்று, சொந்தப் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று. அந்த அம்மாவின் தலைமாட்டில், முதல் வருட நினைவு நாளில், பழைய மாணவர்கள் அறுபது பேர் நிற்க, ஐயர் துணியை விலக்கினால் பளபளக்கிற கருங்கல்லில் ‘கர்த்தருக்குள் இளைப்பாருகிறார்’ என்று இருக்கிறது. சின்ன ரு. அறுபது பேரும் தங்கள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள், “ஏலே, நீதாம்லே எழுதிக் குடுத்தே!” என்றீர்கள். நான், “நீங்கதான் எழுதுனீய” என்றேன். தப்புச் செய்தவன் ஒப்புக்கொண்ட பிறகே புதுக் கல் என்று நீங்களும் சொன்னீர்கள், நானும் சொன்னேன், நாம் கடைசியாக ஒத்துப்போன விஷயம் அதுதான். நான்கு வருடமாக அம்மா அந்த எழுத்துக்குக் கீழே படுத்திருக்கிறார்கள். எப்படி இளைப்பாற முடியும்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அந்தப் பக்கம் போகவே எனக்குக் கூசுகிறது.

சென்ற வாரம் வகுப்பில் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த வாழ்க்கையிலிருந்து ஒரு ‘ஹமார்த்தியா’ பற்றிப் பேச வேண்டும் என்றார் டீச்சர். நான் உங்களைப் பற்றிப் பேசினேன். பெயர் சொல்லவில்லை, ‘ஒரு மூத்த சகோதரர்’ என்று மட்டும். நன்றாகவே பேசினேன். முடிந்ததும் கங்கைகொண்டானிலிருந்து வருகிற வேணி என்ற பெண் எழுந்து, “அங்கிள், அந்தக் கல்லு கொத்துனவர்ட்ட எழுதிக் குடுத்த சீட்டு இருக்குமே, பாத்தீயளா?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எழுத்துப்பூர்வமான ஆதாரம்! நாளை மறுநாள் சீவலப்பேரி ரோட்டில் மாரிராஜின் கல் பட்டறைக்குப் போகிறேன். அவர் எந்தச் சீட்டையும் தூரப் போடுகிறவர் அல்ல, எல்லாம் கம்பியில் குத்தியிருக்கும். அதை இத்துடன் இணைத்து அனுப்புவேன். உங்கள் கையெழுத்தைக் கண்டதும் அந்த ராஜா மாதிரி நீங்கள் கண்ணைக் குத்திக்கொள்ள வேண்டாம், கண் ஆபரேஷன் பண்ணி ஆறு மாதம்தான் ஆகிறது என்று ரீபா சொன்னாள். ஒன்றரைப் பக்கத்துக்கு மிகாமல், ர, ற பிழையில்லாமல், ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினால் போதும். தம்பி என்ற முறையில் நான் ஏற்கெனவே மன்னித்துவிட்டேன். பாவத்தைத்தானே மன்னிக்க முடியும்?

மதினிக்கு என் வணக்கம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் முழங்கால்களையும் காப்பாராக.

இப்படிக்கு,
உண்மையுள்ள தம்பி,
தேவதாசன்

இணைப்பு: சீட்டு – 1.

பின்குறிப்பு, 13.02.2025, வியாழன்:

சீட்டு கிடைத்தது. இணைக்கவில்லை. நேரில் கொண்டு வருகிறேன்.

பின்பக்கம் கிறிஸ்துமஸ் பாட்டின் பேஸ் குரல் ஸ்வரங்கள் இருக்கின்றன. நம் குடும்பத்தில் பேஸ் பாடுகிறவன் ஒருவன்தான். முன்பக்கம் சின்ன ரு. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதி, என் சுருக்கொப்பம்.

மாரிராஜுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. “அண்ணாச்சி, அன்னைக்கு உங்க அண்ணன் எங்க எழுதுனாவ? அவிய ஸ்கூட்டர்ல சாஞ்சு நின்னு அழுதுக்கிட்டுல்லா இருந்தாவ. நாங்கூட உங்ககிட்ட கேட்டேன், சின்ன ருவா பெரிய றுவான்னு. ‘டீச்சர் மவன் எழுதியிருக்கேன், உள்ளத அப்படியே கொத்தும்வே’ன்னு சொன்னீய” என்றார்.

நீங்கள் அழுதது எனக்கு ஞாபகமே இல்லை அண்ணே. நான் எழுதியதும் ஞாபகம் இல்லை.

ஷம்ஸியா டீச்சர் சொன்னதுதான் சரி. அது பாவம் இல்லை, வெறும் பிழை. நாளை வகுப்பில் எழுந்து ஒப்புக்கொள்வேன். புதுக் கல்லுக்கு மாரிராஜிடம் சொல்லிவிட்டேன். பெரிய று என்று வாயாலும் சொல்லியிருக்கிறேன். எழுதுவது நீங்கள்.

சனிக்கிழமை காலை வருகிறேன். பஸ்காரன் பைபாஸில் இறக்கிவிட்டால் நடந்தே வருகிறேன். அம்மாவின் மர ஸ்கேல் உங்களிடம்தானே இருக்கிறது, எடுத்து வையுங்கள்.

எனக்குக் கூடுதலாக ஒன்று.