சிரிக்கிற ஆஸ்பத்திரி

காலையில் இரண்டு லாரி சிமெண்டு இறக்கிய இடுப்பு, நாற்காலியில் உட்கார்ந்ததும் விண்ணென்று தெறித்தது. வலியை விழுங்கிக்கொண்டு சுமைக்காரன் அந்தப் பல் ஆஸ்பத்திரியை நோட்டம் விட்டான்.

மருந்து வாடை இல்லை. வெள்ளைக் கோட்டு இல்லை. கண்ணாடித் தொட்டிக்குள் மீன்கள் சோம்பலாகச் சுற்றின. எங்கிருந்தோ மெல்லிய பாட்டு. மேசைக்குப் பின்னாலிருந்த பெண் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"அந்தப் பொண்ணு எதுக்குச் சிரிக்குது?" மனைவியின் காதைக் கடித்தான்.

"வந்தவங்களைப் பாத்து அழவா சொல்றீங்க? சும்மா இருங்க."

சும்மா இருக்க முடியுமா? கிடங்கில் மேஸ்திரி சிரித்த முகத்தோடு டீ வாங்கிக் கொடுத்தால் அன்றைக்கு வருவது இரும்பு லோடு. பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறான்.

மகளுக்கு ஏழு வயது. வலது கன்னம் வீங்கி, மூன்று நாளாக எதையும் மென்று தின்னவில்லை. ஏற்கெனவே இரண்டு ஆஸ்பத்திரிப் படி ஏறி, இரண்டிலும் சொத்தைப் பல்லோடேயே திரும்பியாயிற்று. இன்றும் பிடுங்காவிட்டால் சீழ் தாடைக்கு இறங்கிவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

அவன் எழுந்து மேசைக்குப் போனான். "ஏம்மா, ஊசியை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"அண்ணே, மெதுவா. இங்க அந்த வார்த்தையே பேச மாட்டோம்."

"எந்த வார்த்தை? ஊசியா?"

லாரி உச்சியில் நிற்பவனுக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டை. பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்த மூன்று குழந்தைகள் ஒரே நேரத்தில் வீறிட்டன.

அந்தப் பெண் பதறவில்லை. விளக்கைக் குறைத்து, பாட்டைக் கொஞ்சம் கூட்டினாள்.

"பாத்தியா, வெளிச்சத்தைக் குறைக்கிறாங்க! ஏதோ நடக்கப் போகுது!" கைக்கு எட்டிய சுவிட்சைத் தட்டினான்.

வெளிச்சம் வரவில்லை. பாட்டுதான் நின்றது. அதுவரை பாட்டுக்கு அடியில் பதுங்கியிருந்த பல் குடையும் மெஷின் சத்தம் உள்ளறையிலிருந்து கிர்ர்ரென்று கிளம்பி வந்தது.

"நான் சொன்னேன்ல?"

ஒரு குழந்தை மேசைக்கடியில் புகுந்தது. இன்னொன்று அம்மாவின் கழுத்தில் தொங்கியது. மூன்றாவது செருப்பில்லாமல் வாசலைத் தாண்டியது. அதன் அப்பா செருப்போடு பின்னால் ஓடினார்.

மகள் மட்டும் மீன்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பாவம், பிள்ளைக்குப் பயத்துல வாயே அடைச்சுப் போச்சு."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

யானைப் படம் போட்ட சட்டையோடு டாக்டரம்மா வெளியே வந்தார். "பாப்பா, வர்றியா?"

"நில்லுங்க!" சுமைக்காரன் குறுக்கே பாய்ந்தான். "முதல்ல நான் உக்காந்து பாக்கறேன். கட்டிப் போடுற வாரு கீரு இருந்தா?"

டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள்.

"தாராளமா. ரெண்டு சீட்டு இருக்கு, எது வேணும்?"

உள்ளறை நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தான். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தான். ஏறிப் படுத்தான். நாற்காலி மெல்லப் பின்னால் சாய்ந்தது. பதினெட்டு வருஷ மூட்டையை யாரோ கைத்தாங்கலாக இறக்கி வைத்தது போல இடுப்பு அடங்கியது. டாக்டரம்மா கனத்த போர்வை ஒன்றை மேலே விரித்தார்.

"இது எதுக்கு?"

"கனமா இருந்தா மனசு அடங்கும்."

"கனமா? எங்கிட்டயா? இந்தச் சாக்கெல்லாம் பலிக்காது டாக்டர். நான் கண்ணை மூட மாட்டேன்" என்றான், கண்ணை மூடிக்கொண்டு.

விழித்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்து மகள் இறங்கிக்கொண்டிருந்தாள். வாயில் பஞ்சு. உள்ளங்கையில் பல்.

"ஐயோ, எப்ப எடுத்தாங்க?"

"நீங்க கொறட்டை விட ஆரம்பிச்சு அஞ்சாவது நிமிஷம். கூட நாந்தான் இருந்தேன்" என்றாள் மனைவி.

"ரொம்பக் கத்தினாளா? பயந்த புள்ளையாச்சே..."

மேசைப் பெண் அவன்மேல் கிடந்த போர்வையை மடித்துக்கொண்டே அதே சிரிப்போடு சொன்னாள்:

"பாப்பாவுக்கு ஏதுண்ணே பயம், ரெண்டு ஆஸ்பத்திரியிலயும் அவளைத் தூக்கிட்டு ஓடினது நீங்கதான்னு அக்கா நேத்தே வந்து சொன்னதாலதான் இந்தப் பெரிய போர்வையை எடுத்து வச்சோம், அவ பல்லு முடிஞ்சுது, கொறட்டையில தொறந்த வாயை டாக்டர் எட்டிப் பாத்துட்டாங்க, உங்க சொத்தைக் கடவாய்ப் பல்லு மூணு பாக்கி."