நான் ரிடன்டன்ட் ஆன விதம்

ஊழியர்களின் ஆங்கிலம் உயர்ந்தால் தெருவிளக்குகளின் ஒளியும் உயரும் என்று மேலிடம் திருவுளம் கொண்டது. அதன்படி வாரம் ஒரு சொல். அந்த வாரத்துச் சொல் 'ரிடன்டன்ட்'. வெள்ளிக்கிழமை இயக்குநர் நேரில் வருவார்; ஒவ்வொருவரும் அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

தெருவிளக்கு மேற்பார்வைப் பிரிவில் ஆங்கிலப் புலி நான்தான். பட்டத்தை நானே வைத்துக்கொண்டதால் யாரும் பறிக்கவில்லை.

"அண்ணே, அப்படின்னா என்ன?" என்று கேட்டாள் டைப்பிஸ்ட்.

அகராதி எதிர் அலமாரியில்தான் இருந்தது. புலி எழுந்து போய் அகராதி புரட்டினால் நன்றாகவா இருக்கும்? 'அபன்டன்ட்' என்றால் ஏராளம். இது அதற்குத் தம்பியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன்.

"திறமை நிரம்பி வழியறதும்மா. முன்னால 'ரி' போட்டா, மறுபடியும் வழியுதுன்னு அர்த்தம்."

வெள்ளிக்கிழமை இயக்குநர் என் மேஜை முன்னால் நின்றார்.

"சார், ஐ ஆம் ரிடன்டன்ட்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நிச்சயமாவா?"

"வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து, சார்."

"மீ டூ, சார்" என்று எழுந்தாள் டைப்பிஸ்ட். தலைமை எழுத்தர் விடுவாரா? பதவிக்கேற்ப, "ஐ ஆம் மோஸ்ட் ரிடன்டன்ட், சார்!" என்றார்.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். "என் சர்வீஸ்ல இவ்வளவு நேர்மையான பிரிவைப் பார்த்ததில்ல."

கைதட்டினோம்.

திங்கட்கிழமை பிரிவு கலைக்கப்பட்டது. 'இருந்தும் பயனில்லாத உபரிகள் என்று தாங்களே மனமுவந்து ஒப்புக்கொண்டபடியால்' என்று உத்தரவு விளக்கம் சொன்னது. தலைமை எழுத்தர் என்னைத் திட்டித் தீர்த்தார்; அதைத் தாங்கிக்கொண்டேன். டைப்பிஸ்ட் திட்டவில்லை, அழுதாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. இயக்குநரிடம் ஓடினேன்.

"அர்த்தம் தெரியாம சொல்லிட்டேன், சார். எங்க பிரிவு இல்லாட்டி ஊரே இருண்டுடும்!"

"அப்படியா? ஒரு வாரம் பார்ப்போம். இருண்டா திரும்ப வாங்க."

அந்த வாரம் மூன்று பேரும் மாலைதோறும் என் வீட்டுத் தெருமுனையில் நின்று, ஒரு விளக்காவது அணையாதா என்று வேண்டிக்கொண்டோம். எல்லாம் எரிந்தது. எங்கள் கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்துக்கிடந்த பல்புகளையும் லைன்மேன் தன்பாட்டுக்கு மாட்டிவிட்டுப் போனார். தெரு ஜொலித்தது.

என் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, அண்ணாந்து பார்த்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இப்பதான் உங்க பிரிவு வேலை செய்யுது, சார். புதுசா யாரை எடுத்திருக்கீங்க?"