மார்லோவின் இடக்கண் மீது டாம்சின் படையெடுத்த படலம்

கில்ராய் குலக்கொழுந்தே, மெல்பர்ன் மாநகர்ப் பெருமருத்துவமனையின் நான்காம் மாடி நடந்த நாயகியே, மூக்கை நாடும் கண்ணையும் காதை நாடும் கண்ணையும் நேர்வழி நிறுத்தப் பிறந்த மூன்றாமாண்டு மாணவியே, டாம்சினே, உன் திருநாமம் வாழ்க. கழுத்தில் தொங்கும் பயிற்சி அட்டைப் புகைப்படத்தில் நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் வாழ்க. உன் வெற்றியைப் பாடத்தான் இந்தப் பாவலன் தொண்டையைச் செருமுகிறான். வெற்றி கிடைக்காமல் போனாலும் பாடித்தான் ஆக வேண்டும், செருமியாயிற்று.

காவியமென்றால் நாட்டு வளம் பாடவேண்டும் என்பது மரபு. இங்கே நாடு என்பது ஆறாம் எண் அறை. அதன் மலை பொம்மைக் கூடை, அதன் அருவி சரியாக மூடாத குழாய். வளம் அவ்வளவுதான்.

அந்நாட்டில் எட்டு வாரம் பயிற்சி பெற்ற நம் நாயகியின் மதிப்பீட்டுத் தாளில் எல்லாக் கட்டங்களும் நிரம்பி, ஒன்றே ஒன்று வெறுமையாகக் கிடந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மாறுகண் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை, எவர் துணையுமின்றி அளந்து எண் சொல்ல வேண்டும். அன்று பயிற்சியின் கடைசி நாள், வெள்ளிக்கிழமை, மணி நாலேகால், வரவிருந்தவனோ கடைசி நோயாளி. ஞாயிறு காலை தோழியரோடு கடல் கடந்து ஹோபார்ட் நகருக்கு விமானம் ஏற வேண்டியவள் அவள். மலிவு விலைச் சீட்டு, தேதியை மாற்ற முடியாது, ஒரு வாரத்துக்குப் போட்ட திட்டம். அந்தக் கட்டத்தில் ஒரு கையெழுத்து விழுந்தால் எல்லாம் சுபம்.

கையெழுத்திட வேண்டிய கரத்துக்கு உரியவர் லொரேன் விட்டேக்கர். இருபத்தாறு ஆண்டுகளாகக் கண்களை அளந்தவர், அதைவிட அதிகமாக மாணவர்களை அளந்தவர். மாணவர் எண்ணைச் சொல்லும்வரை மேற்பார்வையாளர் வாய் திறக்கலாகாது என்பது அத்துறையின் போர் அறம். ஆகவே அவர் நோயாளி நாற்காலிக்கு முதுகைக் காட்டி, கணினியில் யாருக்கோ கடிதம் தட்டிக்கொண்டிருந்தார்.

வந்தான் மார்லோ. நாலே முக்கால் வயதுப் பெருவேந்தன். கால்பந்தாட்டக் குழுவின் கழுத்துத்துணியே வெற்றிக்கொடியாக, முழங்காலில் காய்ந்த சேறே கவசமாக, இடக்கண் மூக்கை எட்டிப் பார்த்தபடி, ஒளிரும் மஞ்சள் வேலைச்சட்டையோடு தந்தை கிரெக் தேர்ப்பாகனாய்ப் பின்தொடர வந்தான். ஒன்பது மாதக் குழந்தையாக இருந்த நாள்முதல் மூன்று மாதத்துக்கொருமுறை இதே நாற்காலியில் ஏறியவன். அறையில் எந்தப் பொம்மைக்குக் கால் உடைந்தது, யார் உடைத்தது என்பது வரை அறிவான். தந்தை சுவரில் சாய்ந்தார், இரண்டு நிமிடத்தில் குறட்டை விட்டார்.

முதற்போர் தொடங்கிற்று. கண்ணை அளக்க வேண்டுமானால் கண் ஓரிடத்தில் நிற்க வேண்டும். குச்சி முனையில் ஒட்டிய கடுகளவு வாத்துப் படத்தை நாயகி நீட்ட, வேந்தன் அவள் சட்டையில் இருந்த காப்பிக் கறையைப் பார்த்தான். வாத்துக்கு எத்தனை கால் என்று அவள் வினவ, கறை எப்படி வந்தது என்று அவன் வினவினான். கூக்கபராப் பறவை போல் சிரித்துக் காட்டினாள். கங்காரு போல் இருந்த இடத்திலேயே குதித்தாள். நான்காண்டுப் பல்கலைக்கழகப் படிப்பின் முக்கால் பங்கும் திரண்டு தொண்டைக்கு வர, வளை தோண்டும் வாம்பட் விலங்கு போலவும் ஓலமிட்டாள்.

"வாம்பட் அப்படிக் கத்தாது," என்றான் மார்லோ.

"வேற எப்படிக் கத்தும்?"

"தெரியாது. ஆனா அப்படி இல்ல."

இருந்தும் இரக்கம் பிறந்ததோ, பசி பிறந்ததோ, வாத்தைப் பார்த்தான். அந்தக் கணமே நாயகி இடக்கையில் அகப்பை போன்ற கருப்பு மூடியையும், வலக்கையில் முப்பட்டகக் கோலையும் ஏந்தினாள். அக்கோலாவது, ஒன்று முதல் நாற்பத்தைந்து வரை எண்ணிட்ட கண்ணாடி ஆப்புகளை மெல்லியதிலிருந்து தடித்தது வரை ஏணிபோல் அடுக்கிய ஆயுதம். மூடியை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றினால் மாறுகண் துள்ளும். கோலை ஒரு கண்முன் பிடித்துப் படிப்படியாக எண்ணை ஏற்றினால் துள்ளல் குறைந்துகொண்டே வரும். எந்த எண்ணில் கண் அசையாமல் நிற்கிறதோ, அதுவே விடை.

இங்கேதான் ஊழ் காலை வாரியது. உள்நோக்கும் கண்ணென்றால் ஆப்பின் தடித்த பக்கம் காதைப் பார்க்க வேண்டும். வெளிநோக்கும் கண்ணென்றால் மூக்கை. எட்டு வாரமாக இரவுதோறும் டாம்சின் பழகியது அறைத்தோழி நியாவின் கண்களில், நியாவின் கண்களோ வெளியே விலகுபவை. பழகிய கை பழகியபடியே பிடித்தது. சிரிக்க வேண்டாம், இதைப் பாடுபவனும் மாணவனாயிருந்தபோது மூன்று முறை இப்படிப் பிடித்தவன், மூன்றாம் முறை பேராசிரியரின் சொந்தக் கண்முன்.

பத்து என்றாள், கண் துள்ளியது. இருபது, மீனாய்த் துள்ளியது. முப்பது, முயலாய்த் துள்ளியது. நாற்பத்தைந்தில் ஏணி முடிந்தது, கண்ணோ முன்னிலும் மூர்க்கமாய்ப் பாய்ந்தது. நாயகி அஞ்சினாளா? இல்லை, பூரித்தாள். உலகம் இதுவரை காணாத பெருமாறுகண் ஒன்று தன் கையில் சிக்கியதென்றும், அறுவை மருத்துவர்கள் கத்தியோடு ஓடி வருவரென்றும், இனி நூல்கள்தோறும் இது கில்ராய் நோய் என்றே வழங்குமென்றும் கண்டு, நூலின் அட்டை என்ன நிறம் என்பது வரை எண்ணிவிட்டாள். எண்ணைச் சொல்ல வாயும் திறந்தாள்.

"நீ தப்பாப் புடிச்சிருக்க," என்றான் மார்லோ மெதுவாக, வாத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. "மத்தவங்க எல்லாம் தடிச்ச பக்கத்தக் காதுப் பக்கமா வச்சுப் புடிப்பாங்க."

உலகங்கள் சரிந்தன, கில்ராய் நோய் பிறக்கும் முன்பே குணமானது. விசைப்பலகை மட்டும் அங்கே தட்டிக்கொண்டேயிருந்தது. டாம்சின் ஓசையின்றிக் கோலைத் திருப்பினாள். பத்தில் துள்ளல் தளர்ந்தது, பதினாறில் துடிப்பாயிற்று, பதினெட்டில் கண் அசையாமல் நின்றது.

"பதினெட்டு," என்று முரசறைந்தாள்.

லொரேன் எழுந்து வந்து தாமே ஒருமுறை அளந்தார். பதினெட்டேதான். பேனாவைத் திறந்து, கட்டத்தின் மேல் நிறுத்தி, கையெழுத்துக்கு முன் எல்லா மாணவரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

இருபெரும் சேனைகள் நாயகியின் நெஞ்சக்களத்தில் அணிவகுத்தன. ஒருபுறம் ஹோபார்ட்டின் கடற்காற்றும் தோழியர் கூட்டமும் மாற்றவொண்ணா மலிவுச் சீட்டும் வாளுருவி நிற்க, மறுபுறம் தன்னந்தனியாக, நிராயுதபாணியாக, பார்க்கவே சற்றுப் பரிதாபமாக, எவர் துணையுமின்றி என்ற இரண்டே சொற்கள் நின்றன. வெட்கம் காதுவரை ஏறியது. இனி எத்தனை பிள்ளைகளின் கண்ணுக்குத் தான் எண் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். வள்ளல்கள் வாரிக் கொடுத்ததையும் மன்னர்கள் முடி துறந்ததையும் விஞ்சும் ஈகம் இதுவென்று தானே வியந்து, கண்ணில் நீர் தளும்ப, நாயகி நிமிர்ந்து நின்றாள்.

"நான் முதல்ல தப்பாப் புடிச்சேன், லொரேன். மார்லோ சொல்லித்தான் திருப்பினேன்."

"தெரியும்," என்றார் லொரேன். "முதுகுதான் அந்தப் பக்கம் இருந்துச்சு. காது இங்கதான் இருந்துச்சு."

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். மெய் வென்றது என்று வானோர் பூமாரி பொழிந்தனரோ, துந்துபி முழங்கிற்றோ, திசைகாக்கும் யானைகள் எட்டும் நாயகியின் நேர்மை கண்டு துதிக்கை உயர்த்திப் பிளிறினவோ, கிரெக்கின் குறட்டையில் எதுவும் சரியாகக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, வேறொரு பிள்ளையின் கண்ணை அளக்க நாயகியை மறுபடியும் வரச் சொன்னார்கள்.