மாப்பிள்ளை போட்ட முன் பிரேக்

“இது கோழித் தீவனம் விக்கிறவரு கார் பிரேக்காட்டம் இல்லீங்களே” என்றார் மெக்கானிக் மோகன்குமார்.

கழற்றிய பிரேக் பேடை அவர் கௌசிக்கின் உள்ளங்கையில் வைத்தார். பேடில் பேடே இல்லை. வெறும் தகடுதான் மிச்சம். முன் சக்கரத்து டிஸ்க் ஓரமெல்லாம் சூட்டில் நீலம் பாய்ந்து, மயிரிழை விரிசல் விட்டிருந்தது.

“இப்பத்தானுங்க மாத்துனோம்?”

“அதையேதான் நானும் கேக்கறேன். மலையெறங்கற லாரிக்குக்கூட இத்தனை சுருக்கா தேயாது. என்னதானுங்க பண்றீங்க இந்தக் காரை?”

கௌசிக் பட்டறைக்கு வெளியே எட்டிப் பார்த்தான். சங்ககிரி ரோட்டில் தெரிந்த முகம் எதுவும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ரேஸ் டிராக்குக்குப் போவேனுங்க” என்றான்.

சொல்லும்போதே நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. உண்மை என்னவென்றால், பெருந்துறைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தனியார் டிராக்குக்கு எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏஜெண்டுகள் மீட்டிங் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போவான். போன இடத்தில் எல்லாரும் அவனை முந்திக்கொண்டு போவார்கள். கடைசியாகப் போனபோது அவனுக்குப் பின்னால் வந்தது தண்ணீர் தெளிக்கிற டிராக்டர் ஒன்றுதான். இருந்தால் என்ன, தேய்ந்த பேட் கையில் இருக்கிறதே! தனக்கே தெரியாமல் தனக்குள் ஒரு வேகக்காரன் இருந்திருக்கிறான் என்று கௌசிக் முடிவு கட்டினான். இந்த மாதிரி முடிவு கட்ட ஆண்பிள்ளைக்கு அதிக நேரம் ஆவதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கார் அவனுடையதில்லை. மாமியார் வசந்தாமணியின் பெயரில் இருந்தது.

திருச்செங்கோட்டில் வசந்தாமணியைத் தெரியாதவர்கள் குறைவு. கணவர் காலமான பிறகு போர்வெல் ரிக் வண்டிகளைத் தானே கட்டி ஆள்கிறவர். ஆந்திராவில் துளை போட்டுக்கொண்டிருக்கும் டிரில்லரை அவர் போனில் அதட்டினால், போன் இல்லாமலே அவனுக்குக் கேட்கும் என்பார்கள். ஆனால் மாப்பிள்ளை எதிரில் மட்டும் குரல் அடங்கிவிடும். மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசுவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர். எதுவாக இருந்தாலும் மகள் பிரவீனா வழியாகத்தான். “மாப்பிள்ளைங்க காப்பி குடிப்பாங்களான்னு கேளு சாமி” என்பார். பிரவீனா பக்கத்தில் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துக் கேட்பார். கௌசிக் காலண்டரைப் பார்த்துப் பதில் சொல்வான். கல்யாணமானதிலிருந்து இந்த ஏற்பாடு ஒரு குறையும் இல்லாமல் நடந்து வந்தது.

காரைக் கொடுத்த அன்றும் அப்படித்தான். “ரேசு கீசுன்னு ஒரு வார்த்தை எங்காதுல உழுந்துது, அன்னைக்கே காரு எம்பட வாசலுக்கு வந்தரும்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லீரு சாமி.” பிரவீனா சொன்னாள். கௌசிக் தலையாட்டினான். தலையாட்டியது பிரவீனாவிடம்தானே, அத்தையிடம் இல்லையே என்பது அவன் கட்சி.

புதன்கிழமை மட்டும் கார் மாமியாருக்கு. பவானி கோயிலுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போய்வருவார். கௌசிக் அன்றைக்குக் கம்பெனி ஜீப்பில் போய்விடுவான். அந்தக் கோயில் பயணம் முடிந்து வந்துதான் போன வாரம் முதல் புகார் வந்திருந்தது. பிரேக்கை மிதித்தால் உள்ளே இறங்குகிறதாம்.

“ஷோரூமுக்குப் போச்சுன்னா செத்தேனுங்க” என்றான் கௌசிக். “கழட்டிப் பாத்துட்டு, ரேஸ் ஓட்டுன காருன்னு சொல்லீருவாங்க. நீங்களே சத்தமில்லாம சரி பண்ணிக் குடுத்துருங்க.”

மோகன்குமாருக்கு லாரி பிரேக்தான் கைவந்தது. ஆனால் போனில் எல்லாம் பார்ப்பவர். “டிராக்குக்குன்னே வார பேடு இருக்குதுங்க. எத்தனை சூடானாலும் புடிக்கும்” என்றார்.

சூடாகாவிட்டால் பிடிக்காது என்பதை அவர் சொல்லவில்லை. அதைப் போட்ட மறுநாள் காலையில் கார் கேட்டைத் தாண்டி, நிதானமாக நகர்ந்து போய், எதிர்வீட்டுக் கோலத்தின் நடுவில் நின்றது. சத்தமும் சேர்ந்துகொண்டது. இந்த முனையில் பிரேக்கை மிதித்தால் அந்த முனையில் நாய்கள் எழுந்து பதில் சொல்லின.

வியாழக்கிழமை சாப்பிடும்போது பிரவீனா ஆரம்பித்தாள். “ஏனுங்க, அம்மா சொல்லுச்சு. பிரேக்கு மொதல்ல புடிக்கறதே இல்லையாமா. போகப் போக நல்லாப் புடிக்குதாமா. அப்பறம் மறுக்காவும் பஞ்சுல மிதிச்சாட்டம் உள்ள போயிருதாமா.”

கௌசிக்குக் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது. கோயிலுக்குப் போகிற காரில் பிரேக் எப்படி அவ்வளவு சூடாகும்? குமாரபாளையம் பாலத்து நெரிசல், அமாவாசைக் கூட்டம் என்று அவனே காரணம் கண்டுபிடித்துக்கொண்டான்.

“ஷோரூம்ல உட்டுப் பாக்கலாமான்னு...”

“வேண்டாம்! நான் பாத்துக்கறேன்னு சொல்லு.”

பிரவீனா அங்கேயே போன் போட்டாள். பேசிவிட்டு வைத்தாள். “சரியாமா. மாப்பிள்ளைக்கு எதுக்கு சிரமம்னுச்சு. ஆனா சீக்கிரம் பாத்தா நல்லதாமா.”

பேடை மட்டும் மாற்றினால் போதாது, பிரேக்கையே மாற்ற வேண்டும் என்றார் மோகன்குமார். கோயம்புத்தூரிலிருந்து பெட்டி வந்தது. உள்ளே பெரிய டிஸ்க்குகள், அவற்றைக் கவ்விப் பிடிக்க நாலு பிஸ்டன் வைத்த கேலிப்பர்கள். ரத்தச் சிவப்பு. போட்டிக் கார்களில் போடுவது. கௌசிக் ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

பொருத்தி முடித்துச் சக்கரத்தை மாட்டப் போனால், சக்கரம் ஏறவில்லை.

“சக்கரம் சின்னதுங்க” என்றார் மோகன்குமார்.

“நேத்து சரியாத்தான இருந்துது?”

“நேத்து பிரேக்கு சின்னதுங்க.”

பெரிய சக்கரம் வாங்கினார்கள். அது மாட்டியதும், ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் உள்பக்கம் உரசியது. உரசுகிற இடத்தை மோகன்குமார் வெட்டி எறிந்தார். வெட்டிய வழியாகத் தெருச்சேறெல்லாம் கதவில் தெறித்தது. இவ்வளவும் ஆன பிறகு, சக்கரக் கம்பிகளுக்கு நடுவில் அந்தச் சிவப்பு, குருடனுக்கும் தெரிகிற மாதிரி பளபளவென்று தெரிந்தது.

“இதென்னுங்க செவப்பா?” என்றாள் பிரவீனா.

“கம்பெனிக்காரனே மாத்திக் குடுத்தான். பாதுகாப்புக்கு. இந்தக் காரு வெச்சிருக்கிற எல்லாத்துக்கும் சும்மாவே மாத்தித் தாரான்.”

இதைக் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தனபால் கேட்டுவிட்டார். அவரிடமும் அதே கார். மறுநாள் நேராக ஷோரூமுக்குப் போய், எனக்கு மட்டும் ஏன் சிவப்பு பிரேக் தரவில்லை என்று மத்தியானம் வரைக்கும் சண்டை போட்டுவிட்டு வந்தார். வந்தவர் கௌசிக்கின் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பட்டறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், உண்மையைச் சொல்லி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்குவதற்குள் கௌசிக்குச் சட்டை நனைந்துவிட்டது. தனபால் கடைசியில், “இருந்தாலும் தம்பி, நீ இத்தனை வேகமா ஓட்டுவீன்னு எனக்குத் தெரியாது போ” என்றார். அதைக் கேட்டதும் பட்ட பாடெல்லாம் அவனுக்குக் கொஞ்சம் மறந்தது.

வியாழக்கிழமை வந்தது. பிரவீனாவும் வந்தாள்.

“செவப்பு நல்லா இருக்குதாமா.”

“அப்பாடா.”

“ஆனா மிதிச்சா முன்னாடி குத்துதாமா. பின்னாடி வாலாட்டுதாமா.”

வாலாட்டுகிறதா! கௌசிக்கும் அதே காரைத்தான் ஓட்டுகிறான். அவனுக்கு ஒன்றும் ஆடவில்லை. வயதானவர்களுக்கு எதுவும் பெரிதாகத்தான் தெரியும் என்று விட்டுவிட்டான். விட்டது தப்பு. வெள்ளிக்கிழமை ஒரு விசேஷத்துக்காகப் பண்ணையிலிருந்து முட்டை அட்டைகளைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு, பட்டுப்புடவையில் பிரவீனாவை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போனான். வேலூர் ரோட்டு வேகத்தடைக்கு முன்னால் குறுக்கே ஒரு ஆடு வந்தது. மிதித்தான். கார் நின்றது. அப்படி ஒரு நிற்பு! கார்தான் நின்றதே தவிர, முட்டைகள் நிற்கவில்லை.

ஆடு திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. பிரவீனா காதோரத்தில் வழிந்த மஞ்சள் கருவை விரலால் துடைத்தாள்.

“பிரவீ, அது வந்து...”

“நான் உங்ககிட்ட ஒண்ணும் பேசலைங்க. அம்மாகிட்டப் பேசிக்கறேன்.”

கௌசிக் அன்றைக்கே பட்டறைக்கு ஓடினான். முன் பிரேக்குக்குப் பலம் ஏறிவிட்டது, பாரமெல்லாம் முன்னால் சாய்கிறது, பின் சக்கரம் அந்தரத்தில் தவிக்கிறது, அதனால் பின் பிரேக்கைக் கொஞ்சம் தணிக்க ஒரு வால்வு வைக்க வேண்டும் என்றார் மோகன்குமார். வைத்தார். வைக்கும்போது குழாயில் காற்று புகுந்து, கார் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. கௌசிக் ஆபீசுக்குக் கிளம்பினால் கார் டீக்கடைக்குப் போகப் பார்த்தது. மறுபடி கழற்றி, பழைய பிரேக் ஆயிலை எல்லாம் வடித்து, காற்றைப் பிதுக்கி எடுத்து, பந்தயக் கார் ஆயிலை ஊற்றி, இருவரும் மாறி மாறி மிதித்து, ஒருவழியாகச் சரியானது.

சரியானது என்றால் அப்படிச் சரியானது! தொட்டால் தொட்ட அளவுக்கு, அழுத்தினால் அழுத்திய அளவுக்கு. சத்தமில்லை, குத்தலில்லை, ஆட்டமில்லை. கௌசிக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

அடுத்த வியாழக்கிழமை பிரவீனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

“அம்மா பிரேக்கைப் பத்தி ஒண்ணுமே சொல்லுலீங்க.”

“பாத்தியா!”

“ஞாயித்துக்கெழமை காரு வேணுமாமா. விடியக் காத்தால இருந்து பொழுதோட வரைக்கும்.”

“ஞாயித்துக்கெழமை எதுக்கு?”

“தெரியலீங்க. அன்னைக்குச் சாயங்காலம் காரைப் பத்தி உங்ககிட்டப் பேசோணுமாமா.”

“என்னன்னு சொல்லு, நான் பதில் சொல்லிடறேன்.”

“எங்கிட்டச் சொல்லலீங்க. உங்ககிட்ட நேராவே பேசிக்கறேன்னுச்சு.”

கௌசிக் சுவரில் சாய்ந்துகொண்டான். நேராகவா! காலண்டர் இல்லாமல், சுவர் இல்லாமல், நடுவில் பிரவீனா இல்லாமல்! கல்யாணத்தன்று மோதிரம் போட்டபோதுகூட மாமியார் அவனிடம் நேராகப் பேசியதில்லை. முட்டை விஷயம் போயிருக்கிறது. தனபால் வாயை விட்டிருப்பார். எல்லாம் தெரிந்துவிட்டது, கார் போய்விட்டது. அன்றிரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. கோழித் தீவனம், கோழிச் சீக்கு, முட்டை விலை என்று ஓடுகிற வாழ்க்கையில் அவனுக்கென்று ஆசைப்பட்டு இருந்தது அந்தக் கார் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்துப் பார்த்தான். எப்படியும் கார் போகப்போகிறது. போவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்த பிரேக்கை டிராக்கில் மிதித்துப் பார்த்துவிட வேண்டும். சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினான். இந்த முறை பொய்கூடச் சொல்லவில்லை. போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

பெருந்துறையைத் தாண்டும்வரை காரிடம் பேசிக்கொண்டே போனான். “எங்க இருந்தாலும் நல்லா இரு” என்றுகூடச் சொன்னான். அதற்கப்புறம் அவனுக்கே வெட்கமாகி ரேடியோவைப் போட்டுக்கொண்டான்.

டிராக் வாசலில் கூட்டமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டுக் கிழிக்கும் ஆளையும் காணோம். நாற்காலியில் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். சட்டையில் ரஞ்சனி என்று பெயர் தைத்திருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தாள். பார்த்ததும் எழுந்து ஓடிப்போய்ப் பெரிய கேட்டையே திறந்துவிட்டாள்.

“வாங்க, வாங்க! நீங்கதான் மாப்பிள்ளைங்களா?”

கௌசிக் திடுக்கிட்டுக் கண்ணாடியை இறக்கினான். “என்னை எப்படீங்க தெரியும்?”

“உங்களைத் தெரியாதுங்க, இந்தச் செவப்பு பிரேக்கைத் தெரியும். புதன்கெழமையானா உங்க மாமியார்தான இதுல சுத்தறாங்க! தன்னோட மாப்பிள்ளை இங்க வாராரான்னு வேவு பாக்க வந்தவங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தாங்க, அப்பறம் ஒரு புதன்கூடத் தப்பறதில்லை. நாளைக்குப் போட்டிக்கும் பேரு குடுத்திருக்காங்க. பிரேக்கு எங்க போட்டீங்கம்மான்னு கேட்டா, ‘நான் எங்க கண்ணு போட்டேன், ஊட்டுக்குப் போயி மககிட்ட ஒரு கொறை சொன்னாப் போதும், மாப்பிள்ளை பயந்துக்கிட்டு அடுத்த புதனுக்குள்ள மாத்தி வெச்சுருவாரு’ங்கறாங்க!”